ஃபாயில் விசிட்டிங் கார்டு: ஃபைலில் சரிசெய்ய வேண்டியவை

கார்டில் தங்கமாகப் பளபளக்கும் மெல்லிய படலமான ஃபாயிலுக்கு இரண்டே நிலைதான்: ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. சூடான உலோக டை (வடிவம் செதுக்கிய அச்சு) அழுத்தும் இடத்தில் தங்கம் ஏறும், மற்ற இடம் வெறும் காகிதம். மங்கல், நிழல், பாதி அடர்த்தி எதற்கும் அங்கே வழியில்லை. அதனால் திரையில் தங்கம் மாதிரி தெரியட்டும் என்று மஞ்சளும் பழுப்பும் கலந்து கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்) போட்டு அனுப்பும் ஃபைல், அச்சகத்துக்கு எந்த வகையிலும் உதவாது. கிளையன்ட் பார்க்க அப்படி ஒரு படம் வேண்டுமென்றால் அதைத் தனியாக ஜேபெக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு ஃபைலில் ஃபாயிலுக்கென்று தனி லேயர் போட்டு, அதில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பாட் கலர் (நாலு நிறக் கலவையில் சேராத, தனிப் பெயர் கொண்ட நிறம்), 100 சதவீதம் கொடுங்கள். அந்த நிறத்தின் ஸ்வாட்சுக்கு ‘ஃபாயில்’ என்று பெயர் வைத்தால் யாருக்கும் குழப்பம் வராது. சில அச்சகங்கள் ஸ்பாட் கலர் வேண்டாம், டைக்குத் தனி ஃபைல் கொடுங்கள் என்பார்கள். அப்போது வெறும் கறுப்பு மட்டும் 100. சயான், மஜென்டா, மஞ்சள் மூன்றும் பூஜ்யம். நாலு நிறமும் கலந்த கறுப்பு இங்கே ஆகாது. எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பவும் வேண்டாம். அதை டை செய்பவர் பார்த்துக்கொள்வார். இருவரும் திருப்பினால் கார்டில் எழுத்து இடவலம் மாறிப் பதியும்.

அதிகம் பேர் தவறவிடுவது ஓவர்பிரிண்ட், அதாவது அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே ஏற்றச் சொல்லும் தேர்வு. அடர் நீலப் பின்னணியில் தங்க லோகோ என்று வைத்துக்கொள்வோம். ஓவர்பிரிண்ட் போடாவிட்டால், லோகோவின் வடிவத்தில் நீலத்தில் வெள்ளை ஓட்டை விழும். நீலம் முதலில் அச்சாகிறது, ஃபாயில் பிறகு வேறொரு மெஷினில் ஏறுகிறது. இரண்டும் அரை மில்லிமீட்டர் விலகுவது சாதாரணம். விலகினால் லோகோவின் ஒரு பக்கம் மெல்லிய வெள்ளைப் பிறை தெரியும். ஃபாயில் அடியில் இருப்பதை மறைத்துவிடும், எனவே நீலத்தை முழுதாக ஓடவிட்டு அதன் மேல் ஏற்றுவதே சரி. மை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இதே காரணத்தால், ஃபாயில் எழுத்தைச் சுற்றி மையில் மெல்லிய அவுட்லைன் போடும் டிசைனைத் தவிர்த்துவிடலாம். அது எந்த மெஷினிலும் நேராக உட்காராது.

அடுத்தது கோட்டின் தடிமன். 0.5 பாயின்டுக்குக் கீழே போகாதீர்கள். அது மில்லிமீட்டரில் 0.18 தான். இரண்டு ஃபாயில் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு இன்னும் அதிகம் வேண்டும், 1 பாயின்ட் இருந்தால் நிம்மதி. வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஃபாயில் ஓரங்களில் கொஞ்சம் பரவும். குறுகிய இடைவெளி அடைத்துக்கொள்ளும். லோகோவைச் சிறிதாக்கும்போதுதான் இது கைமீறிப் போகிறது. 200 மில்லிமீட்டர் அகலத்தில் 2 பாயின்ட் கோட்டோடு வரைந்த லோகோவை 40 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் கோடு 0.4 பாயின்ட் ஆகிவிடும். கோட்டையும் சேர்த்துச் சுருக்கும் தேர்வு அணைந்திருந்தால், அதே 2 பாயின்ட் நின்று லோகோ தடித்துத் தெரியும். எனவே இறுதி அளவுக்குக் கொண்டுவந்த பிறகு அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் ஸ்ட்ரோக்குகளை (கோடுகளை) வடிவங்களாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வடிவங்களை யுனைட் செய்து ஒன்றாக்கி, ஃபாண்டுகளை கர்வ்ஸ் (எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவம்) ஆக்கிவிடுங்கள்.

தமிழ் எழுத்து என்றால் இன்னும் கவனம். ண, ணை, ஞ, இ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை, 7 பாயின்டில் மூடிக்கொண்டு பொட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி அந்த அளவில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். சில கார்டுகளில் பதியும், சிலவற்றில் காணாமல் போகும். ‘கண்ணன்’ என்ற பெயரை ஃபாயிலில் போட்டுப் பார்த்தால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தெரியும். 10 பாயின்டுக்குக் குறையாமல், ஒரே சீரான தடிமன் உள்ள ஃபாண்டாகப் போடுங்கள். முகவரி, ஃபோன் நம்பர் போன்ற பொடி எழுத்தை மையிலேயே அச்சிடுவது நல்லது. க்யூஆர் கோடும் அப்படித்தான்: ஃபாயில் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதால் பல கோணங்களில் கேமரா அதைப் படிக்காது.

பெரிய தங்கப் பட்டையும் மெல்லிய கோடும் ஒரே டையில் இருப்பது மெஷின்காரருக்குப் பெரிய தலைவலி. பட்டை முழுதாக ஒட்ட அழுத்தமும் வெப்பமும் கூட்ட வேண்டும். கூட்டினால் மெல்லிய கோடு பரவும். குறைத்தால் பட்டையில் ஊசித்துளை விழும். டிசைனிலேயே ஒன்றைக் கைவிடுங்கள்.

கார்டின் ஓரத்திலிருந்து ஃபாயிலை 3 மில்லிமீட்டராவது உள்ளே நிறுத்துங்கள். ஓரம் வரை ஓடிய ஃபாயில் கட்டிங்கில் உதிர வாய்ப்புண்டு. பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். அழுத்தத்தின் தழும்பு அங்கே தெரியும், எனவே முன்னால் ஃபாயில் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் சிறிய எழுத்தையோ அதே மாதிரி இன்னொரு ஃபாயிலையோ வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஃபாயில் வேண்டுமென்றால், இரண்டு தாளை ஒட்டிச் செய்யும் தடித்த கார்டு கேளுங்கள்.

லோகோ ஜேபெக்காக மட்டும் இருந்தால் படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றும் ஆட்டோ ட்ரேஸை நம்பாதீர்கள். அது தேவையில்லாமல் நூற்றுக்கணக்கான நோடுகளை (கோட்டை வளைக்கும் புள்ளிகளை) போடும். திரையில் தெரியாத நடுக்கம் பளபளப்பில் அப்படியே தெரியும். பென் டூலில் மேலே வரைந்துவிட்டால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை.

பி.டி.எஃப் எடுத்ததும் அக்ரோபேட்டில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் அவுட்புட் ப்ரிவியூவைத் திறந்து, நாலு நிறத்தையும் அணைத்துப் பாருங்கள். ஃபாயில் வடிவம் மட்டும் நிற்க வேண்டும். பிறகு ஃபாயிலை அணைத்து, நாலு நிறத்தையும் போடுங்கள். லோகோ இருந்த இடத்தில் பழைய மஞ்சள் கிரேடியன்ட் எட்டிப் பார்த்தாலோ வெள்ளை ஓட்டை தெரிந்தாலோ, ஃபைலை அனுப்பாமல் திரும்பவும் திறந்துகொள்ளுங்கள்.