வடு மரத்துக்கு ஒட்டுக் கட்ட அலைந்த கதை

அழகர்மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் தோட்டம் கைமாறிவிட்டது. அங்கே நின்ற வடு மாமரத்தை ஆவணிக்குள் வெட்டப்போவதாக வாங்கியவர் சொல்லிவிட்டார். கொட்டை போட்டு முளைக்கவைத்தால் அதே வடு வரும் என்று நம்ப முடியாது. ஒட்டுதான் கட்டியாக வேண்டும், அதாவது இந்த மரத்துக் குச்சியை வேறொரு மாங்கன்றின் மேல் பொருத்திக் கட்டி வளர்க்க வேண்டும்.

மதுரைக்குப் பக்கத்து நர்சரி ஒன்றில் போனில் கேட்டேன். "குச்சிய வெட்டிக் கொண்டாங்கண்ணே, கட்டித் தர்றோம்" என்று முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். கொண்டுபோனதும்தான், "இலையோட கொண்டாந்தா எப்படி?" என்று கேள்வி. போனிலேயே சொன்னால் வாய் வலித்துவிடுமா?

நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள். பென்சில் கனமுள்ள நுனிக்குச்சியாகப் பார்த்து, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் நறுக்கி, மரத்திலேயே 7 முதல் 10 நாள் விட வேண்டும். காம்புகள் தானாக உதிர்ந்து நுனி மொட்டு பருத்து நிற்கும். அது விரியும் முன்னால் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போக வேண்டும்.

அப்படியே செய்துகொண்டு மறுபடி போனால், ஒட்டுக் கட்டுகிறவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். "வச்சிட்டுப் போங்க, வந்து கட்டிருவாரு." என் கண் முன்னாலேயே சாக்கை உருவிப்போட்டுவிட்டு, குச்சிகளை மேசையில் ஃபேனுக்கு அடியில் வைத்தார் கடைப் பையன். சொன்னாலும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, "தளிர் விட்டிருச்சுண்ணே" என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் தளிர் கட்டுக்குக் கீழே! மேலே இருந்த என் குச்சி கறுத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. "தளிர் வந்திருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று என்னிடமே சண்டை. அது வேர்க்கன்றின், அதாவது என் குச்சியைத் தாங்கும் அடிக்கன்றின், சொந்தத் தளிர். எங்கே ஒட்டுக்கன்று வாங்கினாலும் இலை கட்டுக்கு மேலிருந்து வருகிறதா என்று குனிந்து பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் நத்தம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கைகொடுத்தார். உச்சி வெயிலில் கத்தியையே எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் வேர்க்கன்றின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவிச் செருகினார். குச்சி கொஞ்சம் மெலிசு என்பதால் ஒரு பக்கத் தோலையாவது தோலோடு ஒட்டவைத்தார். "கத்தி பட்ட எடத்துல வெரல் படக்கூடாது தம்பி" என்று என் கையைத் தட்டிவிட்டார். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் கவரைத் தொப்பியாக மாட்டிக் கட்டினார். உள்ளே ஈரம் நிற்கத்தான் அது, ஆடிக் காற்றுக்கு மொட்டு காய்ந்துவிடும் அல்லவா!

எல்லாம் பிடிக்கவில்லை. பிடித்தவற்றில் மூன்று வாரம் போலக் கழித்துச் செம்பு நிறத்தில் தளிர், இந்த முறை கட்டுக்கு மேலே. கவரைக் கழற்றி ஓர் இலையைக் கசக்கி மோந்தேன். அதே வடு வாசம்! இப்போது கட்டுக்குக் கீழே எது துளிர்த்தாலும் உடனே கிள்ளிவிடுகிறேன். நடும்போதும் ஒட்டு மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

நர்சரியில் கொடுத்த முன்பணம் இன்னும் வரவில்லை. கேட்டால், "அதுக்குப் பதிலா ஒரு கிளிமூக்குக் கன்னு எடுத்துக்கங்கண்ணே" என்கிறார்கள்.