நான்கு விரல் உளி

21 செப்டம்பர் 2025, ஞாயிறு

மகாளய அமாவாசை. ஊர் வீட்டில் படையல் முடிந்து இலை எடுத்ததும் அண்ணன் பரணிலிருந்து அப்பாவின் தச்சுப் பெட்டியை இறக்கினார். அப்பா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அதுவரை யாருக்கும் அதைத் திறக்கக் கை வரவில்லை.

"பழைய இரும்பு கிலோ 30 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். மரச்சாமானை அடுப்பில் வைத்துவிடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். பதினைந்து வயதிலிருந்து அந்தப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் வேலைக்குப் போனவர் அவர். அதன் பாரம் அவருக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போனவள். கோடு போட நூல் அடிக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் நான் செய்த ஒரே தச்சு வேலை. கரியில் தோய்த்த நூலை அப்பா சுண்டிவிட, பலகையில் மயிரிழை போலக் கோடு விழும். என் விரல் நுனியும் கறுத்துப் போகும். அந்தக் கறுப்போடுதான் சாப்பிட உட்காருவேன்.

பெட்டியை மதுரைக்கு எடுத்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டார்கள்.

24 செப்டம்பர், புதன்

இரவு பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பினேன். பலகையை இழைக்கும் இழைப்புளி இரண்டு, மரம் செதுக்கும் வாய்ச்சி ஒன்று, ரம்பம் இரண்டு, மூலைமட்டம், அரங்கள், உளியை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளி. உளிகள் பதினொன்று. அடியில் எண்ணெய்க்கல், நடுவில் படகு போலக் குழிந்து. நூல்கண்டு மட்டும் இல்லை.

துருவுக்குத் தேங்காய் எண்ணெயை ஊற வைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். அலகுகள் மெல்ல வெளிச்சம் கண்டன. அந்த உற்சாகத்தில் வாய்ச்சியின் பிடியையும் தேய்க்கத் தொடங்கி, இரண்டு இழுப்பில் நிறுத்திவிட்டேன். கைபட்டுக் கைபட்டு வியர்வை ஊறிக் கறுத்த மரம், தேய்த்த இடத்தில் மட்டும் வெளிறிப் புது மரம் போல எட்டிப் பார்த்தது. போனது போனதுதான். இனிப் பிடிகளை ஈரத்துணிக்கு மேல் எதுவும் தொடக் கூடாது.

பெரிய இழைப்புளி தாத்தாவுடையது. கருவேலங்கட்டையில் அவரே செய்துகொண்டது. மரத்தின் மேல் ஓடி ஓடி அடிப்பக்கம் தேய, சீவல் வெளியேறும் வாய் அகலமாகிவிடும். வாய் அகன்றால் இழைப்பு வழவழப்பாக வராது, நார் பிய்த்துக்கொண்டு வரும். அதற்காக வாய்க்கு முன்னால் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு ஒரு துண்டு பதித்திருக்கிறது. அது அப்பாவின் கை. ஃபெவிகால் வந்தது 1959-இல்தான். அது வந்து பல வருடங்கள் ஆன பிறகும் அப்பா வஜ்ஜிரம் காய்ச்சுவதை விடவில்லை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை, வீடே நாறும், அம்மா திட்டுவார். "வஜ்ஜிரத்தில் ஒட்டினதை வெந்நீர் காட்டிக் கழற்றலாம், நாளைக்கு ஒருவன் பழுது பார்க்க வேண்டாமா?" என்பார் அப்பா.

ஒட்டின இடத்தை முகர்ந்து பார்த்தேன். வாசனை எதுவும் இல்லை.

முன்பக்கம் இடது கை பற்றும் இடத்தில் ஒரு பள்ளம். என் பெருவிரலை வைத்தால் பள்ளத்தில் பாதிகூட நிறையவில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

இன்று நான் செய்த தவற்றை எழுதிவிடுகிறேன்.

உளிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு அங்குல உளி. அதற்கு இணையாக வாங்கி அப்பா அதிகம் தொடாத உளி ஒன்றும் பெட்டியில் இருக்கிறது. அதன் அலகு எட்டு விரல் நீளம். இதனுடையது நான்கு விரல். மீதி நான்கு விரலும் எண்ணெய்க்கல்லில் கரைந்து போயிருக்கிறது. தினமும் காலையில் வேலைக்கு முன் பத்து நிமிடம், ஐம்பது வருடம். பிடியின் தலை கொட்டாப்புளி அடி வாங்கிப் பூணுக்கு மேல் பூப் போல விரிந்திருக்கிறது.

எனக்குத் தீட்டத் தெரியாது. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். மின்சாரச் சாணையில் இரண்டு நிமிடம், பொறி பறந்தது. திருப்பித் தந்தபோது நுனி முழுக்க மயில்கழுத்து நீலம். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்து வேப்பங்கட்டையில் வைத்து ஒரு தட்டு தட்டினேன். நுனி மடங்கிவிட்டது.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எஃகு கிட்டத்தட்ட 300 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் அந்த நீலம் ஏறும். அந்தச் சூட்டில் உளி வாயின் கடினம் இறங்கிவிடும். அப்பா ஏன் எண்ணெயும் கல்லுமாக அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்தார் என்பது இந்த நீலத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் மேல் கோபமில்லை. கொடுத்தவள் நான்.

தூக்கம் வரவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

திருப்பாச்சேத்திக்குப் போனேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர். லாரியின் வில்பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்து அரிவாள் ஆக்குகிறார்கள். விசாரித்துக்கொண்டு ஒரு பெரியவரின் பட்டறையைக் கண்டுபிடித்தேன்.

உளியைக் கையில் வாங்கியதும் அவர் நீலத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி வெயிலில் சாய்த்தார். "ஆத்தா, இது பூராவும் எஃகு இல்லை. இரும்புக்கு முகத்தில் உருக்கு வைத்து அடித்தது. இதோ பார் வரி."

உற்றுப் பார்த்தால் தெரிந்தது, முதுகு ஒரு நிறம், முகம் ஒரு நிறம். மெத்தென்ற இரும்பு அடியைத் தாங்கும், உருக்கு வெட்டும். இத்தனை வருடம் வீட்டில் இருந்த பொருளில் நான் காணாத வரி.

"நீலத்தை வெட்டி எறிந்துவிடலாம். அரை விரல் போகும்" என்றார்.

"போக வேண்டாம் ஐயா" என்றேன். குரல் எனக்கே சிறுபிள்ளை அழுகை போலக் கேட்டது.

அவர் மறுபேச்சு பேசவில்லை. பிடியைக் கழற்றித் தனியே வைத்தார். ஒரு சாக்கை இழுத்துவிட்டு உலைக்கு மேல் இருட்டாக்கினார். வெளிச்சத்தில் நெருப்பின் நிறம் ஏமாற்றும் என்றார். நுனி பழுத்துச் சிவந்ததும் ஒரு காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. 770 டிகிரி அளவில் இரும்பு காந்தத்துக்கு மசியாது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அவர் டிகிரி எதுவும் சொல்லவில்லை, "வந்துவிட்டது" என்றார். எண்ணெயில் முக்கினார், புகை எழுந்தது. அப்படியே விட்டால் கண்ணாடி போல உடையுமாம். நுனியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி தணலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். வெள்ளை மெல்ல வைக்கோல் நிறத்துக்குத் திரும்பியது. சட்டென்று எடுத்துவிட்டார். துவைச்சல், அதாவது உளி வாய்க்குக் கடினம் ஏற்றும் வேலை, முடிந்தது.

காசு வாங்க மறுத்தார். பிடிவாதமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், பொரிகடலை. அப்பா செய்வது போல இழைப்புளியை நடுவில் வைத்தேன். இன்று எதையும் தொடக் கூடாது.

2 அக்டோபர், வியாழன்

விஜயதசமி அன்று ஒரு சீவலாவது இழைத்துவிட்டுத்தான் அப்பா காபி குடிப்பார். நானும் ஒரு பலகையை வைத்து இழைத்தேன். தகடு அதிகமாக நீட்டியிருந்தது போல, பலகையைக் கவ்விக்கொண்டு நின்றது. ஆப்பைத் தட்டித் தளர்த்தி மறுபடி வைத்தேன், இப்போது ஒன்றுமே சீவவில்லை. ஒன்பது மணிக்குத்தான் காபி குடித்தேன். தூள் தூளாகக் கொஞ்சம் மரம் உதிர்ந்திருந்தது. அதையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

19 அக்டோபர், ஞாயிறு

மழை. சமையலறைக் கதவு நிலையில் இறுகிவிட்டது. ஒவ்வொரு ஐப்பசியிலும் இப்படித்தான். ஈரம் குடித்தால் பலகை அகலத்தில் உப்பும், நீளத்தில் அசையாது. அதனால்தான் பூட்டுப் பக்கம் எப்போதும் சிக்கும். அப்பா இருந்தவரை வந்து இழைத்துக் கொடுப்பார். ஒரு ரூபாய் நாணயம் கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலிருந்து கீழே தடையின்றி இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

நாளை தீபாவளி. மாலையில் அண்ணன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து நான் போராடிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்து இழைப்புளியை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிப்பக்கத்தை நோக்கினார். அப்பா நோக்குவது போலவே. தகட்டின் தலையில் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, ஆப்பில் ஒரு தட்டு. இடது பெருவிரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அவருக்கு அது நிறைந்துவிட்டது.

முதல் இழுப்பில் கதவு நீளத்துக்கு ஒரே சீவல் சுருண்டு அவர் தோளில் விழுந்தது.

எதுவும் பேசவில்லை. கதவை மாட்டினோம். நாணயம் முக்கால்வாசி வரை இறங்கி, கீழே தாழ்ப்பாளுக்கு அருகில் நின்றுவிட்டது.

"இன்னும் ஒரு இழுப்பு" என்றார். "அந்த எண்ணெய்க்கல் எங்கே, அதையும் எடுத்து வந்தாயா?"