ஜென்டாமைசின்: இரண்டாவது ஊசிக்கு முன்

மருத்துவமனை மருந்தாளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னும், ஒரு நோயாளியின் மருந்துத் தாளில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் பெயரைக் கண்டால் நான் உடனே அடுத்த தாளைப் புரட்டுவதில்லை. எடை, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் உள்ள அளவு, கடைசி ஊசி போடப்பட்ட நேரம் ஆகிய மூன்றையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். இம்மருந்தைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1963இல் உலகுக்கு அறிமுகமான இந்த மருந்து, பிறந்த குழந்தைகளின் இரத்தத் தொற்றிலும், பெரியவர்களின் கடுமையான சிறுநீரகத் தொற்றிலும் இன்றும் உயிர் காத்துக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார அமைப்பும் இதை எங்கும் எளிதில் கிடைக்க வேண்டிய மருந்துகளின் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனால் நோயைத் தீர்க்கும் அளவுக்கும் உடலைக் கெடுக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி இம்மருந்தில் மிகக் குறுகியது.

முதல் ஊசியில் தயங்கக் கூடாது என்பதே என் கருத்து. கிருமி இரத்தத்தில் பரவியிருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருந்தாலும் முதல் அளவைப் பெரும்பாலும் குறைப்பதில்லை, முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு மட்டுமே அது தனிக் கணக்கு. இரண்டாவது ஊசியின் நிலை வேறு. குடலின் வழியாக உட்கிரகிக்கப்படாத இந்த மருந்து, ஊசி வழியே உடலுக்குள் சென்ற பின் எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. நன்றாக இயங்கும் சிறுநீரகம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்திலுள்ள மருந்தைப் பாதியாகக் குறைத்துவிடும். தளர்ந்த சிறுநீரகம் அதே வேலைக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டாவது ஊசியை எப்போது போடுவது என்பதை மருந்துத் தாளில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும் நேரக் கட்டங்களைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் கிரியேட்டினின். எழுபத்தைந்து வயதுப் பெண்மணி, எடை 45 கிலோ, கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வக அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் இருக்காது. இயல்பு வரம்பின் விளிம்பில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். 1976இல் காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் வகுத்த சூத்திரத்தில் அதை இட்டுப் பார்த்தால், அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 29 மில்லி லிட்டர் இரத்தத்தைத்தான் தூய்மைப்படுத்துகிறது என்று விடை வரும். இருபத்தைந்து வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞருக்கு அதே 1.2 இருந்தால் விடை 93. அறிக்கையில் ஒரே எண்ணாக இருந்தாலும் இருவருடைய உடலும் மருந்தை வெளியேற்றும் வேகம் மூன்று மடங்கு வேறுபடுகிறது. முதியவர்களுக்குத் தசை குறைவு. தசையிலிருந்து உண்டாகும் கிரியேட்டினினும் அதனால் குறைவாகவே இருக்கும். எனவே எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது அவர்கள் விஷயத்தில் ஆபத்தானது.

எடைக்கும் இதே கவனம் தேவை. படுக்கையில் கிடப்பவரை எழுப்பி எடை பார்ப்பது கடினம் என்பதால் கண்மதிப்பில் ஓர் எண்ணை எழுதிவிடும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். இம்மருந்து கொழுப்பில் அதிகம் பரவுவதில்லை. 110 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, அவர் உயரத்துக்கு உரிய எடை 60 கிலோ என்றால், கூடுதலான 50 கிலோவில் நாற்பது சதவீதத்தை மட்டும் சேர்த்து 80 கிலோ என்றே கணக்கிடுகிறோம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் அது 400 மில்லிகிராம். முழு எடையைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் 550 ஆகியிருக்கும். இந்த எண்களெல்லாம் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக எழுதியவையே; எந்த நோயாளிக்கும் அளவை முடிவு செய்ய வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்.

ஒரு நாளைக்குரிய அளவை மூன்றாகப் பிரித்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவதே முன்பு வழக்கம். இன்று பெரும்பாலான நோய்களுக்கு ஒரே தடவையாகக் கொடுக்கிறோம். இந்த மருந்து கிருமியைக் கொல்வது எவ்வளவு நேரம் இரத்தத்தில் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு உச்சத்தைத் தொடுகிறது என்பதைப் பொறுத்தது. இரத்தத்திலிருந்து வடிந்த பிறகும் சில மணி நேரம் கிருமி தலையெடுப்பதில்லை. சிறுநீரகச் செல்லோ ஒரே நேரத்தில் ஓரளவுக்கு மேல் மருந்தை உள்ளிழுக்க இயலாதது; குறைந்த அளவு நாள் முழுவதும் அதைச் சூழ்ந்திருந்தால்தான் விடாமல் உள்ளிழுத்துச் சேர்த்துக்கொண்டே போகும். ஒருமுறை உயர்ந்து, பின் நன்றாக வடிந்து, சிறுநீரகத்துக்கு ஓய்வு கிடைக்கும் இந்த ஏற்ற இறக்கமே பாதுகாப்பு. இதயத்தின் உட்சுவர்த் தொற்று போன்ற சில நோய்களுக்கு மட்டும் குறைந்த அளவைப் பிரித்துக் கொடுக்கும் முறை தொடர்கிறது.

நன்றாக வடிந்ததா என்பதை அறியத்தான் அடுத்த ஊசிக்கு முன் இரத்தம் எடுக்கிறோம். நாளொன்றுக்கு ஒருமுறை கொடுக்கும் முறையில் அந்த அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். இந்த ஆய்வு எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், நேரம் தவறாக எழுதப்பட்டால் அது வெறும் எண்தான். ஒருமுறை இரத்த அளவு எதிர்பாராத வகையில் மிக அதிகமாக வந்தது. தாளில் ஊசி காலை 6 மணிக்கு எனக் குறிக்கப்பட்டிருந்தது. விசாரித்தபோது, கையிலிருந்த கேனுலா, அதாவது நரம்பில் செருகிய ஊசிக் குழாய், அடைத்துக்கொண்டதால் வேறு கையில் புதிதாகப் போட்டு, மருந்து ஏறத் தொடங்கியபோது மணி 9.40 என்று செவிலியர் நினைவுகூர்ந்தார். தாளின் கட்டத்தில் 6 என்று அச்சாகியிருந்ததால் அதில் கையெழுத்திட்டிருந்தார். மாதிரி எடுத்ததும் மருந்து ஏறிய அதே கையின் குழாயிலிருந்துதான். அன்று முதல், அச்சிட்ட நேரத்தை அடித்துவிட்டு உண்மையான நேரத்தைக் கையால் எழுதும்படியும், மாதிரியை மறு கையிலிருந்து எடுக்கும்படியும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

குப்பியின் அளவும் ஒரு பொறி. பெரியவர்களுக்கான குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 மில்லிகிராம், குழந்தைகளுக்கானதில் 10. மூன்று கிலோ எடையுள்ள பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 5 வீதம் 15 மில்லிகிராம் தேவை என்றால், குழந்தைக் குப்பியிலிருந்து 1.5 மில்லி லிட்டர் எடுக்க வேண்டும். அதே 1.5ஐப் பெரியவர் குப்பியிலிருந்து எடுத்தால் 60 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. எனவே மருந்துச் சீட்டில் மில்லி லிட்டரை மட்டும் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மில்லிகிராமில் எழுத வேண்டும், குப்பியின் அடர்த்தியை இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். பெனிசிலின் வகை மருந்துகளோடு ஒரே சிரிஞ்சிலோ ஒரே சலைன் பையிலோ இதைக் கலக்கக் கூடாது. கலந்தால் ஜென்டாமைசின் வலுவிழந்துவிடும். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு இம்மருந்து கூடாது, ஏனெனில் நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியை இது மேலும் தடுத்து மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.

என்னை மிகவும் பாதித்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். நான் பணியில் சேர்ந்த தொடக்க காலத்தில், சிறுநீரகத் தொற்றுடன் வந்த முதிய பெண்மணி ஒருவருக்கு எட்டு நாள் இந்த ஊசி தொடர்ந்து போடப்பட்டது. கூடவே சிறுநீர் பிரிய ஃபுரோசமைடும் கொடுக்கப்பட்டது. ஜென்டாமைசினால் செவிக்கு நேரக்கூடிய பாதிப்பை ஃபுரோசமைடு கூட்டும் என்பதை நானும் சுட்டிக்காட்டவில்லை. காய்ச்சல் இறங்கியது, சிறுநீர் நன்றாகப் பிரிந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். இம்மருந்தால் சிறுநீரகம் கெடும்போது சிறுநீரின் அளவு பல சமயம் குறைவதே இல்லை என்பதை அப்போது நான் படித்திருந்தேனே தவிர உணர்ந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை, அவர் கழிவறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் தரையைப் பார்த்துப் பார்த்து வைத்துத் திரும்புவதைக் கண்டேன்.

“தலை சுத்துதாம்மா?” என்று கேட்டேன். தினமும் எல்லோரும் கேட்டதும் அதே கேள்விதான். அவரும் இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறார். அன்றும், “சுத்தலைம்மா” என்றார். சற்று நின்று, “நடந்தா எதிர்ல இருக்கிற கதவு, சுவரு எல்லாம் ஆடுது. நின்னா அதுவும் நின்னுடுது. ராத்திரி வெளக்கணைச்சா காலு எங்க இருக்குன்னே தெரியல” என்று சேர்த்தார்.

அவர் சொன்னது முழு உண்மை. உடலின் சமநிலையைக் காப்பதும் உட்செவிதான். ஒரு பக்கச் செவி மட்டும் கெட்டால் உலகம் சுழலும். ஜென்டாமைசின் இரு பக்கத்து உட்செவியையும் ஒரே அளவில் கெடுப்பதால் சுழற்சி தோன்றுவதில்லை. தலை அசையும்போது பார்வையை நிலைநிறுத்தும் ஆற்றல்தான் போய்விடுகிறது, இருட்டில் நடை தள்ளாடுகிறது. நாங்கள் கேட்ட கேள்வியே தவறாக இருந்தது. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும், அவருக்கும் தேறியது, சமநிலை திரும்பவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ட்ரெப்டோமைசின் புழக்கத்துக்கு வந்த 1940களிலேயே இந்த வகை மருந்துகளின் இந்தக் குணம் அறியப்பட்டுவிட்டது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

அதற்குப் பிறகு நான் தலைச்சுற்றல் பற்றிக் கேட்பதோடு நிறுத்துவதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியின் எழுத்தைப் படிக்கச் சொல்கிறேன். பின் தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்தபடி அதையே படிக்கச் சொல்கிறேன். எழுத்து குழம்பினால் மருத்துவரிடம் ஓடுகிறேன். கேட்கும் திறனில் முதலில் போவது மிக உயர்ந்த சுருதிகளே என்பதால், பேச்சு காதில் விழுகிறது என்ற பதிலும் எனக்குப் போதாது.

இன்னொரு கேள்வியை ஊசிக்கு முன்பே கேட்க வேண்டும்: தாய்வழி உறவில் யாருக்காவது ஊசி போட்ட பின் காது கேளாமல் போனதுண்டா? தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில், 1555ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு ஒரே ஒரு டோஸ்கூடச் செவியைப் பறித்துவிடலாம். இரத்த அளவு சரியாக இருந்தாலும் காப்பாற்றாது. 1993இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் ஐரோப்பிய மக்களில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இதை அரை மணி நேரத்துக்குள் படுக்கையருகிலேயே கண்டறியும் சோதனையை மான்செஸ்டரில் பிறந்த குழந்தைகளிடம் வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தச் சோதனை கிடைக்காத இடத்தில் இந்தக் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை.

கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்தில் வந்துவிடும். அன்றே இந்த மருந்தை நிறுத்தி வேறொன்றுக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதை என் கடமையாகக் கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்மணிக்கு மூன்றாம் நாளே முடிவு வந்து, வாய்வழி மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்தும், தாள் கோப்புக்குள் மடிந்தே கிடந்தது.

பாதிப்பு சில நேரம் கடைசி ஊசிக்குப் பல நாள்கள், வாரங்கள் கழித்தும் வெளிப்படும். எனவே வீடு திரும்பும் ஒவ்வொருவரின் கையிலும், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, என் கையெழுத்தில் இந்த வரிகள் போகின்றன: “உங்களுக்கு ஜென்டாமைசின் ஊசி போடப்பட்டது. நடக்கும்போது எதிரே உள்ளவை ஆடினாலோ, இருட்டில் கால் தடுமாறினாலோ, காதில் புதிதாக இரைச்சல் கேட்டாலோ, உடனே வாருங்கள். இந்தச் சீட்டையும் கொண்டு வாருங்கள்.”