ஒரு எக்ஸான் விடுபட்டால் காது கேட்காது

காது கேளாமைக்கான மரபணு அறிக்கை வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, எந்த அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்பதைத்தான். உள்செவி விஷயத்தில் அது போதாது. ஜீனின் படியான ஆர்.என்.ஏ.வில் எந்த எக்ஸான் (இறுதிப் படியில் வைத்துக்கொள்ளப்படும் துண்டு) சேர்ந்தது, எது விடுபட்டது என்றும் பார்த்தாக வேண்டும்.

செல், ஜீனை முதலில் முழுசாக ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். பிறகு எக்ஸான்களுக்கு இடையிலிருக்கும் இன்ட்ரான் துண்டுகளை வெட்டிவிட்டு எக்ஸான்களை ஒட்டும். இதுதான் ஸ்ப்ளைசிங். ஒரு திசு சேர்க்கும் எக்ஸானை இன்னொரு திசு விட்டுவிடலாம்.

ரெஸ்ட் என்ற ஜீனைப் பாருங்கள். இதன் புரதம் நரம்புக்குரிய ஜீன்களைப் பூட்டி வைக்கும். தோலுக்கும் கல்லீரலுக்கும் இந்தப் பூட்டு வேண்டும். ஒலியையும் அசைவையும் உணரும் உள்செவியின் மயிர்செல்லுக்கோ பூட்டு திறந்தால்தான் பிழைப்பு. திறக்கும் விதம் அலாதியானது. எஸ்.ஆர்.ஆர்.எம்.4 என்ற புரதம், ரெஸ்ட் ஆர்.என்.ஏ.வுக்குள் நாலாவது எக்ஸான் என்ற குட்டித் துண்டைச் சேர்க்க வைக்கிறது. அதன் நீளம் மூன்றால் வகுபடாது. ஆர்.என்.ஏ.வை வாசித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் மும்மூன்று எழுத்தாக வாசிப்பதால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தடம் புரண்டு, நிறுத்தக் குறி சீக்கிரமே வந்துவிடும். அரைகுறைப் புரதத்தால் பூட்ட முடியாது.

எஸ்.ஆர்.ஆர்.எம்.4 பழுதான 'பிராங்ஸ் வால்ட்சர்' எலிகளுக்குக் காது கேட்காது. ஓரிடத்தில் நிற்காமல் வட்டமடிக்கும். உள்வரிசை மயிர்செல்களில் பெரும்பாலானவையும், சமநிலை உறுப்பின் மயிர்செல்களும் அழிந்துபோகும். இந்தக் காரணம் 2012இல் தெரிந்தது. 2018இல், தலைமுறை தலைமுறையாகச் செவித்திறன் குறைந்துவரும் ஒரு குடும்பத்தில், இதே எக்ஸான் சேர்வதைத் தடுக்கும் மாற்றம் ரெஸ்ட் ஜீனிலேயே கண்டறியப்பட்டது. இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். அந்த எக்ஸானை ஒரு பிரதியில் நீக்கிய எலிகளுக்கு வோரினோஸ்டாட் என்ற மருந்து கேட்கும் திறனை ஓரளவு மீட்டுத் தந்தது. அது புற்றுநோய் மருந்து. எலியில் பலித்ததை வைத்து யாரும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஜி.எஸ்.டி.எம்.இ. ஜீனில் கதை வேறு. காது கேளாமை தரும் மாற்றங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: எட்டாவது எக்ஸான் விடுபடும். அப்போது, புரதத்தின் முன்பாதியை அடக்கி வைக்கும் பின்பாதி சிதைந்துபோகும். கட்டவிழ்ந்த முன்பாதி செல்சவ்வில் துளை போட்டுச் செல்லைக் கொன்றுவிடும். ஜீனை முழுதாக நீக்கிய எலிகளுக்கோ காது நன்றாகவே கேட்கும். எனவே இந்த ஜீனில் "புரதமே உருவாகாது" என்று கணிக்கப்படும் மாற்றத்தை உடனே நோய்க் காரணமாக எழுதுவது தவறு.

அமினோ அமிலம் மாறாததாலேயே ஒரு மாற்றம் தீங்கற்றதாகிவிடாது. ஆய்வகங்களில் எங்கும் வளர்க்கப்படும் சி57பிளாக்6 எலியின் சி.டி.எச்.23 ஜீனில் 753ஆம் இடத்து 'ஜி', 'ஏ' ஆகியிருக்கிறது. அமினோ அமிலம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது ஏழாவது எக்ஸானின் கடைசி எழுத்து என்பதால் அந்த எக்ஸான் விடுபடுகிறது. வயது ஏற ஏற எலிக்குக் காது மந்தமாகிறது, அதுவும் உயர் அதிர்வெண்ணில் தொடங்கி.

அறிக்கை வாங்குபவர்கள் பரிசோதனைக் கூடத்தில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஜி.ஜே.பி.2 ஜீனின் புரதக் குறிப்பு முழுவதும் இரண்டாவது எக்ஸானில்தான் இருக்கிறது. அதை மட்டும் வாசித்து "இயல்பு" என்று எழுதினால் சி.-23+1ஜி>ஏ என்ற ஸ்ப்ளைஸ் மாற்றம் தப்பிவிடும். சைபீரியாவின் யாகூதியாவில் காது கேளாமைக்கு முக்கியக் காரணமே இதுதான். முதல் எக்ஸானையும் அதன் விளிம்பையும் வாசித்தீர்களா என்று கேளுங்கள்.

சந்தேகமான மாற்றத்துக்கு முதலில், அது ஸ்ப்ளைசிங்கைக் கெடுக்குமா என்று கணிக்கும் ஸ்ப்ளைஸ்ஏஐ என்ற கணினி நிரலின் மதிப்பெண் பார்ப்பார்கள். 0.2க்கு மேல் கவனம் தேவை, 0.8க்கு மேல் பலமான அறிகுறி. அது கணிப்புதான், சோதித்துப் பார்க்க வேண்டும். ஓட்டோஃபெர்லின் போன்ற ஜீன்களின் ஆர்.என்.ஏ. ரத்தத்தில் சரிவரக் கிடைக்காது, உயிரோடிருப்பவரின் காக்ளியாவிலிருந்து (உள்செவியின் நத்தை வடிவக் கேட்கும் உறுப்பு) திசு எடுக்கவும் முடியாது. அதனால் மினிஜீன். எக்ஸானை, இருபுறமும் சில நூறு எழுத்து இன்ட்ரானோடு, பிளாஸ்மிட் என்ற குட்டி டி.என்.ஏ. வளையத்தில் பொருத்த வேண்டும். இயல்பானது ஒன்று, மாறியது ஒன்று. எச்.இ.கே.293 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் சிறுநீரகச் செல்களில் செலுத்தி, 24 முதல் 48 மணி நேரத்தில் ஆர்.என்.ஏ. எடுத்து, ஆர்.டி.-பி.சி.ஆர். செய்து (அதாவது ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கிப் பெருக்கி), ஜெல்லில் ஓட்டி, ஒவ்வொரு பட்டையையும் சீக்வென்ஸ் செய்ய (எழுத்தெழுத்தாக வாசிக்க) வேண்டும். பட்டையின் உயரத்தை மட்டும் நம்பினால் சில எழுத்துகளே நகர்ந்த வெட்டிடம் கண்ணில் படாது.

பெரும்பாலும் சறுக்குவது செல்லில்தான். எச்.இ.கே. மயிர்செல் அல்ல. மயிர்செல்லில் மட்டும் சேரும் எக்ஸான், இயல்பான மினிஜீனிலும் அங்கே சேராமலே போகலாம். அப்போது இரண்டு தடத்திலும் ஒரே பட்டை தெரியும்; "வித்தியாசம் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். எஸ்.ஆர்.ஆர்.எம்.4 பிளாஸ்மிடையும் சேர்த்துச் செலுத்தி, இயல்பானதில் எக்ஸான் சேர்கிறது என்று உறுதிசெய்த பிறகே மாறியதன் தடத்தைப் படிக்க வேண்டும்.