தண்டையார்பேட்டையில் மண்டபம் கட்ட டிராபிக் ஸ்டடி: முகூர்த்த நாளில் வண்டிகளை எண்ணச் சொல்லுங்கள்

வடசென்னையில் டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) ஒட்டி, தண்டையார்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய குடோன் இடம் இருக்கிறது. அதை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்று முடிவு செய்தோம். பேஸ்மென்டில் பார்க்கிங், அதற்கு மேல் மண்டபமும் சாப்பாட்டுக் கூடமும், மேல் மாடிகளில் தங்கும் அறைகள். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அது உயர்மாடிக் கட்டடம். அப்படி ஆகிவிட்டால் சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரைபடம் போட்டால் மட்டும் போதாது, தீயணைப்புத் துறை, விமான நிலைய ஆணையம், போக்குவரத்துக் காவல்துறை என்று தனித்தனியாகத் தடையில்லாச் சான்று வேண்டும். எங்கள் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டாததால் சுற்றுச்சூழல் அனுமதி வரைக்கும் போகவில்லை. இதில் டிராபிக் பகுதியை மட்டும், அதாவது மண்டபம் வந்தால் பக்கத்து ரோடுகள் தாங்குமா என்று வண்டிகளை எண்ணிப் பார்க்கும் ஸ்டடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் ஆர்க்கிடெக்ட் பார்த்துக்கொண்டார், இது மட்டும் நாமே உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் ஒரு கன்சல்டன்ட் கொடுத்த வரைவு அறிக்கையைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. தண்டையார்பேட்டை மண்டபத்துக்கான அறிக்கையில் ஐடி காரிடார், அலுவலக ஊழியர்களின் பயணம் என்று ஒரு பத்தி கிடந்தது. வேறு எதற்கோ எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தார்கள். வண்டி எண்ணிக்கையும் மெட்ரோ வேலைக்காக டி.எச். ரோட்டைத் தோண்டிப் போட்டு வண்டிகளைச் சுற்றிவிட்ட காலத்தில் எடுத்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்னால் எடுத்த எண்ணிக்கையை வைத்து இன்றைய ரோட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பணத்தைக் கணக்குத் தீர்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்தோம். இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே இருந்தேன்.

வேலை என்னவென்றால், முதலில் பக்கத்து ரோடுகளையெல்லாம் அளக்கிறார்கள். எவ்வளவு அகலம், நடைபாதை எங்கே, பஸ் ஸ்டாப் எங்கே, எந்த இடத்தில் லாரியும் தண்ணீர் டேங்கரும் நிற்கும் என்பது வரை. அப்புறம் சந்திப்புகளில் ஆள் நிறுத்தி, நேரே போவது, இடது வலது திரும்புவது என்று பிரித்து, 15 நிமிடத்துக்கு ஒரு தாள் எண்ணுகிறார்கள். எண்ணியதை பிசியு என்ற கார் கணக்குக்கு மாற்றுகிறார்கள். இதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 106 என்ற 1990-ஆம் ஆண்டு வழிகாட்டிதான் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதன்படி, ஒரு வகை வண்டி மொத்தத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் டூவீலர் ஒன்றுக்கு 0.75, ஆட்டோவுக்கு 2, பஸ், லாரிக்கு 3.7. அதாவது நூறு டூவீலர் வந்தால் 75 கார் வந்த மாதிரி, நூறு லாரி வந்தால் 370 கார் வந்த மாதிரி. லாரியும் ட்ரெய்லரும் ஓடுகிற நம் பகுதியில் எண்ணும் தாளில் லாரிக்கான இந்த ஒரு பத்தியைத் தவறாக எண்ணினால் மற்ற எல்லாப் பத்தியையும் ஒழுங்காக எண்ணி ஒரு பயனும் இல்லை.

அடுத்து ரோடு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. இங்கேதான் அறிக்கையை எழுதுகிறவர் தன் இஷ்டத்துக்கு வளைக்க இடம் இருக்கிறது, கவனமாகப் பாருங்கள். இரண்டு லேன் இருவழிச் சாலையை அதே வழிகாட்டி மூன்றாகப் பிரிக்கிறது. ஓரத்தில் வாசல்களும் நிற்கும் வண்டிகளும் இல்லாத பெரிய சாலைக்கு மணிக்கு 1500 பிசியு, வாசல்கள் உண்டு ஆனால் வண்டி நிற்காது என்றால் 1200, வாசல், நிறுத்திய வண்டி, குறுக்கே போகிற வண்டி எல்லாம் இருந்தால் 900. மணிக்கு 800 பிசியு ஓடும் தெருவை முதல் வகை என்று எழுதினால் கிட்டத்தட்ட பாதி இடம் காலி, மூன்றாவது வகை என்று எழுதினால் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. தெரு அதேதான், வண்டியும் அதேதான். எங்கள் பக்கவாட்டுத் தெருவில் வீட்டு வாசல்கள், லாரி, மெக்கானிக் கடை எல்லாம் இருக்கின்றன, அதை 900 என்று எழுதாத எந்த அறிக்கையையும் நான் ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நமக்குச் சாதகமான எண்ணை எழுதி வாங்கிவிடலாம்தான், ஆனால் நாளைக்கு அந்தத் தெருவில் மாட்டிக்கொள்ளப் போவது நம் விருந்தாளிகளும் நம் அக்கம்பக்கத்து ஜனங்களும்.

எண்ணும் தாளில் மீன்பாடி வண்டிக்கு, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்குப் பத்தியே இல்லை! காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கும்போது அதை "மற்றவை" என்று தள்ளிவிட முடியுமா? மோட்டார் வைத்ததும் வைக்காததும் தனித்தனியாகப் போட வைத்தோம். ஞாயிற்றுக்கிழமையும் எண்ண வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கும் காசிமேடுதான் காரணம். பொதுவாக ஞாயிறு காலையில் ரோடு காலியாக இருக்கும் என்று நினைப்பார்கள். இங்கே ஞாயிறு காலைதான் மீன் வாங்க ஜனம் திரளும், கல்யாணங்களும் ஞாயிறு முகூர்த்தம் பார்த்து வைக்கிறார்கள், இரண்டும் ஒரே ரோட்டுக்கு வருகின்றன.

மண்டபத்துக்கு எத்தனை வண்டி வரும் என்பதுதான் உண்மையில் கஷ்டமான கேள்வி. அமெரிக்கக் கையேடுகளில் கடைக்கு இவ்வளவு, ஆபீசுக்கு இவ்வளவு என்று அட்டவணை உண்டு, தண்டையார்பேட்டை ரிசப்ஷனுக்கு அது எப்படிப் பொருந்தும்? அதனால் அதே பகுதியில், ஏறக்குறைய அதே அளவில் ஏற்கெனவே ஓடுகிற ஒரு மண்டபத்தின் வாசலில் ஆள் நிறுத்தி எண்ணுவது என்று முடிவானது. சர்வே டீம் கொடுத்த தேதி ஆடி மாதத்தில் விழுந்தது. அந்தப் பையன்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு மழை இல்லாத வாரநாள் கிடைத்தால் போதும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் யார் வீட்டில் கல்யாணம் நடக்கிறது? ஆவணி வரைக்கும் காத்திருந்தோம். பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்த நாளில் காலையும், அதற்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷன் நேரத்திலும் எண்ணினோம். மே மாதமும் வேண்டாம் என்பேன், கல்யாணம் இருக்கும் ஆனால் ஸ்கூல் லீவு, ரோட்டின் வழக்கமான கூட்டம் தெரியாது.

அந்த வாசலில் நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. ரிசப்ஷனுக்குக் காரில் வருகிறவர்களை விட டூவீலரிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிறவர்கள் அதிகம். மெட்ரோவிலிருந்து நடந்தே வந்தவர்களும் இருந்தார்கள். நெரிசலைக் கிளப்பியது இவர்கள் இல்லை. ஊரிலிருந்து சொந்தக்காரர்களை ஏற்றி வந்த வேன்கள் வாசலில் நின்று பாட்டி, குழந்தை, சீர்வரிசைத் தட்டு என்று ஒவ்வொன்றாக இறக்கும்வரை பின்னால் ஒரு பஸ் அசைய முடியாமல் நின்றது. மாப்பிள்ளை அழைப்பு ரோட்டில் கிளம்பினால் ஒரு லேன் மொத்தமாகப் போய்விடும். மணிக்கு எத்தனை வண்டி என்ற எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியாது. வேன் எத்தனை நிமிடம் நிற்கிறது, பின்னால் வரிசை எவ்வளவு நீளம் என்று தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

வரிசை நீளம் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட் மூடித் திறந்தால் அவ்வளவு நேரம் நின்ற வண்டியெல்லாம் ஒரே மொத்தமாக வரும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் தேங்கினால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை பின்னோக்கி நீளும், அதில் மாட்ட விரும்பாதவர்கள் எங்கள் பக்கத்து ரோடுகளுக்குள் திரும்புவார்கள். எதிர்த்த டீக்கடை அண்ணன்தான் இதைச் சொன்னார், "துறைமுகம் ஜாம் ஆன அன்னிக்கு எண்ணுனீங்களா தம்பி? அன்னிக்கு வந்து பாருங்க." அப்படி ஒரு நாளையும் சேர்த்து எண்ணி அறிக்கையில் தனிப் பகுதியாக வைத்தோம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இத்தினி வருஷமா இந்த ரோட்ல மண்டபமே இல்லியா? அவங்கல்லாம் வண்டி எண்ணிட்டா கட்னாங்க?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தாலும் அந்த மண்டபங்களின் வாசலில் முகூர்த்த நாளில் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் தெரியும். எண்ணிக்கைத் தாள்களை எடுத்துப்போய் அவரோடு உட்கார்ந்தேன். பெரிய மண்டபத்தோடு ஒரு மினி ஹாலும் வேண்டும் என்பது அவர் ஆசை, மாதாமாதம் நல்ல வருமானம். இரண்டிலும் ஒரே மாலையில் விசேஷம் என்றால் டூவீலர் பார்க்கிங் நிரம்பி மிச்சமெல்லாம் பக்கவாட்டுத் தெருவில்தான் நிற்கும் என்று கணக்கில் தெளிவாக வந்தது. மினி ஹாலைக் கைவிட்டோம். அவருக்கு வருத்தம்தான், எனக்கும் அந்த வருமானம் போனதில் வருத்தம் உண்டு, ஆனாலும் அது சரியான முடிவு.

வரைபடத்தில் மற்ற மாற்றங்களும் இதிலிருந்தே வந்தன. டி.எச். ரோட்டில் இருந்த நுழைவாசலை எடுத்துவிட்டு, சந்திப்பிலிருந்து தள்ளிப் பக்கவாட்டுத் தெருவில் வைத்தோம். கேட்டையும் செக்யூரிட்டி அறையையும் நன்றாக உள்ளே இழுத்தோம், வரிசை நின்றால் எங்கள் இடத்துக்குள்ளேயே நிற்கும். வேன் ஆள் இறக்க உள்ளேயே தனி இடம். மாப்பிள்ளை அழைப்பு காம்பவுண்டுக்குள் நடத்த முன்பக்கம் திறந்த இடம். வெளியேறும் வழி மட்டும் டி.எச். ரோட்டுக்கு, அதுவும் இடதுபக்கம் திரும்ப மட்டும். இதையெல்லாம் வரைபடம் முடிவாவதற்கு முன்னால் செய்தால்தான் முடியும். தூண் இடம் குறித்தபிறகு ஸ்டடி செய்தால், இருக்கிற வரைபடத்துக்கு ஏற்றபடி எண்களைத் தேடுகிற வேலையாகிவிடும்.

போக்குவரத்துக் காவல்துறையிலிருந்து இடம் பார்க்க வந்தவர் அறிக்கையின் அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை. ரோட்டில் நின்று நேராகக் கேட்டார்: வேன் எங்கே நிற்கும், பேஸ்மென்டிலிருந்து வெளியே வரும் வண்டிக்கு நடைபாதையில் நடக்கிறவர் தெரிவாரா, பேஸ்மென்டுக்குக் கார் லிஃப்ட் என்றால் கரண்ட் போனபோது வண்டி எப்படி மேலே வரும். கடைசிக் கேள்வியில் நல்ல வேளையாகப் பிழைத்தோம், ஏனென்றால் கார் லிஃப்ட் யோசனையை முன்பே விட்டுவிட்டுச் சாய்தளம் போட்டிருந்தோம். சாய்தளம் முடியும் இடத்தில் சமதளத்தை நீட்டச் சொன்னார், நீட்டினோம். சில நிபந்தனைகளோடு சான்று வந்தது.

நிபந்தனைகளில் ஒன்று கட்டுமான காலத்தைப் பற்றியது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மண் லாரி, கம்பி லாரி, ரெடிமிக்ஸ் எல்லாம் எந்த நேரத்தில் வரும், எங்கே திரும்பும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இப்போது அஸ்திவார வேலை ஓடுகிறது. லாரிகள் ராத்திரியில்தான் வருகின்றன, தெருமுனையில் கொடியோடு ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறோம், சூப்பர்வைசர் நம்பரைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறோம். அதில் வரும் போன்களை அப்பாவே எடுத்துப் பேசுகிறார்.