மூன்று பெயர் எழுதச் சொன்னேன்

அக்டோபர் 9, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்து மூன்றாவது நாள். கோத்தகிரியில் மழை இப்போதுதான் கணக்கைத் தொடங்குகிறது. ஊட்டிக்காரர்கள் ஜூலையிலேயே நனைந்து முடித்துவிடுவார்கள். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை.

எட்டாம் வகுப்பில் 27 பேர். யார் பெயரையும் இங்கே எழுத மாட்டேன், பிள்ளைகள் விஷயம். படகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருபவர்கள் ஒரு பக்கம், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லைனிலிருந்து வருபவர்கள் ஒரு பக்கம் என்று பெஞ்சு ஜூன் மாதமே தானாகப் பிரிந்துவிட்டது. இரண்டு பக்கத்திலும் சேராத ஒருத்தி ஜன்னலோரம் இருக்கிறாள். அப்பா அம்மா கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். வீட்டில் பேசுவது சாத்ரி. வகுப்பு அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹிந்தி’. “டீச்சர், ஹிந்தி இன்னிக்கு வரல” என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

யாரும் அடிப்பதில்லை. கிண்டல்கூட இல்லை. மதியம் சத்துணவுத் தட்டோடு உட்காரும்போது மட்டும் அவளுக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டுப்போகிறது. அந்த ஒரு முழம் எனக்கு உறுத்துகிறது.

அக்டோபர் 14, திங்கள்

பி.எட். படித்தபோது தேர்வுக்காக உருப்போட்ட ஒன்றை இன்று நிஜமாகவே செய்து பார்த்தேன். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. “யார் பக்கத்தில் உட்கார உங்களுக்குப் பிடிக்கும்? மூன்று பெயர் எழுதுங்கள். யாருக்கும் காட்ட மாட்டேன்.” 1930களில் மொரேனோ என்ற மனநல மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. சீட்டில் வந்த பெயர்களை வைத்து, யாரிடமிருந்து யாருக்கு என்று அம்புக்குறி போட்டு வகுப்பை ஒரு படமாக வரையலாம்.

1982இல் கோயி, டாட்ஜ் என்ற உளவியலாளர்கள் இதையே இன்னும் கூர்மையாக்கினார்கள். பிடித்தவர் மூவர், பிடிக்காதவர் மூவர் என்று இரண்டையும் கேட்டால், எல்லோரும் வெறுத்து ஒதுக்கும் பிள்ளையையும், யார் கண்ணிலும் படாத பிள்ளையையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும். இது தெரிந்தும் இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. ‘பிடிக்காதவர்’ என்று ஒரு பெயரை எழுதிய கை மறுநாள் அதே பிள்ளையிடம் பேனா வாங்குமா? ஆராய்ச்சிக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் மார்ச் வரை இந்த 27 பேரோடு இருக்க வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

ராத்திரி உட்கார்ந்து படம் வரைந்தேன். கரண்ட் இரண்டு தடவை போனது.

வகுப்புத் தலைவிக்கு 11 அம்புகள். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தலைவி எழுதிய மூன்று பேரில் ஒருத்திகூடத் தலைவியை எழுதவில்லை என்பது. பதினொரு பேருக்குப் பிடித்த பிள்ளைக்கு, ஒன்றுக்கொன்று பிடித்துக்கொண்ட கை ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் பென்சிலைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

அம்பே வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் கைநீட்டுகிறவன், கடைசி பெஞ்சு. இன்னொருத்தி ஜன்னல்காரி. அவள் சீட்டில் ஒரே ஒரு பெயர். அதுவும் புரியவில்லை. நடுவில் ஓர் எழுத்து தலைகீழாக நிற்கிறது. வருகைப் பதிவேட்டில் அப்படி யாரும் இல்லை. தமிழ் இன்னும் எழுத வரவில்லை, பாவம் என்று ஓரத்தில் குறித்துவைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

இடம் மாற்றினேன். ஜன்னல்காரி இனி முதல் பெஞ்சு, தலைவிக்குப் பக்கத்தில். தினமும் பள்ளி விட்ட பிறகு முக்கால் மணி நேரம் அவளுக்குத் தனியாகத் தமிழ். தலைமையாசிரியர் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அக்டோபர் 24, வியாழன்

தலைவி ஜாமெட்ரி பாக்ஸைப் பெஞ்சின் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறாள். படுக்கவைத்தால் உருளாத பெட்டி அது. நிறுத்தித்தான் வைக்கிறாள், கிரைண்டருக்கும் அடுப்புக்கும் நடுவே எங்கள் வீட்டில் தகரம் வைத்த மாதிரி.

குழுப் பாடமும் நடத்திப் பார்த்தேன். 1971இல் டெக்சாஸில், ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தபோது அடிதடி வந்தது. அதற்காக ஆரன்சன் என்ற உளவியலாளர் யோசித்த வழி இது. பாடத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தன் துண்டைச் சொன்னால்தான் மற்றவர்களுக்கு முழுப்பாடமும் கிடைக்கும். நான் எடுத்தது தேயிலை தூளாகிற கதை: பறிப்பது, வாட்டுவது, உருட்டுவது, நொதிக்கவிடுவது, காயவைத்துச் சலிப்பது. பறிப்பதை ஜன்னல்காரிக்குக் கொடுத்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் தலைவி சீட்டை வாங்கி, “நான் படிச்சிடறேன் டீச்சர், சீக்கிரம் முடியும்” என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். ஆஸ்டினில் இதை வாரக்கணக்கில் செய்தார்கள். நான் நாற்பது நிமிடத்தில் பலன் கேட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தீபாவளி முடிந்து பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் ஆறாம் வகுப்பு டீச்சர், தன் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒரு வாரமாக வரவில்லை என்றார். “தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நனைஞ்சுக்கிட்டு நின்னா வராம என்ன செய்யும்? உங்க பிள்ளைக்காகத்தானே நிக்குது.”

நிற்பது எந்தப் பிள்ளை?

அவர் காய்ச்சல்காரியின் பெயரைச் சொன்னார். பெயரில் ஒரு ‘ழ’ உண்டு.

பையைத் திறந்து பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். தலைகீழாக நின்றது ழதான். நான் தேடியது என் வகுப்புப் பதிவேட்டில். அந்தப் பெயர் ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் இருந்திருக்கிறது.

நவம்பர் 6, புதன்

பள்ளி விட்டதும் ஜன்னல்காரியோடு நடந்தேன். தேயிலைக்கு நடுவே மூன்று கிலோமீட்டர். மழைக்கு அவள் உரச்சாக்கை மடித்துக் கொங்காடை போட்டிருந்தாள், என்னிடம்தான் குடை. ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முப்பதடி தள்ளிக் காட்டெருமை, குட்டியோடு. வகுப்பில் வாயே திறக்காதவள், “டீச்சர், அசையாதீங்க. அதுவே போயிரும்” என்று சுத்தமான லைன் தமிழில் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாதையில் தனியாக வரக்கூடாது என்பது இரண்டு பேருக்கும் நடுவே இருந்த ஏற்பாடு. நான் ஒருத்தியை 5 மணி வரை பிடித்து வைத்தேன். மற்றவள் காத்து நின்றாள்.

ஆறாம் வகுப்புச் சின்னவள் தன் வீட்டில் கம்பளிக்குள் படுத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் “அக்கா!” என்று எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நான் அங்கே இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை. சின்னவளின் அப்பாயிதான் டீயும் வர்க்கியும் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்.

“நாங்க 1974ல வந்தோம் டீச்சரம்மா. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப்பு. எனக்கு அப்ப பதினோரு வயசு. இங்க பள்ளிக்கூடத்துல ரொட்டியைப் பாண்னு சொல்லிப்புட்டேன். அம்புட்டுதான், அந்த வருசம் பூரா என் பேரு பாணு.”

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசே 1968இல் இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது என்பதை நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த வரிக்குள் ஒரு பதினோரு வயதுப் பெண் ரொட்டியோடு நின்றதை யோசித்ததில்லை.

“யாருமே சேர்த்துக்கலையா, அம்மா?”

“ஹட்டிப் புள்ள ஒண்ணு இருந்துச்சு. பாண்னா என்னன்னு கேட்டுச்சு, சிரிக்காம. இப்பவும் சந்தையில பாத்தா கையைப் பிடிச்சுக்கும். மத்தவுக பேரெல்லாம் மறந்தே போச்சு.”

வரும்போது எஸ்டேட் ஜீப் ஒன்று கிடைத்தது.

நவம்பர் 7, வியாழன்

தூக்கம் வரவில்லை. 1993இல் பார்க்கரும் ஆஷரும் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வு, படித்து மறந்தது, இப்போது திரும்ப வந்து உட்காருகிறது. வகுப்பு ஏற்றுக்கொள்வது வேறு, நட்பு வேறு என்று அதில் பிரித்துக் காட்டியிருந்தார்கள். முதலாவது ஊர் ஓட்டு மாதிரி, இரண்டாவது இரண்டு பேர் கணக்கு. ஓட்டு விழாத பிள்ளைகளிலும் பலருக்கு நெருங்கிய தோழமை இருந்தது. அது இருந்தவர்களுக்குத் தனிமை குறைவாக இருந்தது. நான் ஓட்டை மட்டும் எண்ணினேன். இருந்த ஒரு நட்பை, வகுப்புக்கு வெளியே இருந்ததால் எழுத்துப் பிழை என்று ஓரத்தில் குறித்தேன்.

அதற்காக அந்த ஒரு முழ இடைவெளி சரி என்று ஆகிவிடாது. ஒரு தோழி இருப்பதால் 26 பேர் அவளை ‘ஹிந்தி’ என்று கூப்பிடலாம் என்று யாரும் சொல்ல முடியாது. வருகை எடுக்கும்போது இன்றிலிருந்து அவள் முழுப்பெயரைச் சொல்கிறேன், கொஞ்சம் உரக்கவே. தமிழ் வகுப்பை மதிய இடைவேளைக்கு மாற்றியாயிற்று. சின்னவளும் வந்து உட்காரலாம். முதல் பெஞ்சா ஜன்னலா என்று அவளையே கேட்டேன். ஜன்னல் என்றாள். தலைவியின் ஜாமெட்ரி பாக்ஸ் படுத்துக்கொண்டது.

தலைவியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவளுக்கு 11 ஓட்டு இருப்பதால் யாரும் அவளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, என்னையும் சேர்த்து.

நவம்பர் 22, வெள்ளி

மறுபடி சீட்டு. இந்த முறை, “எந்த வகுப்பாக இருந்தாலும் சரி, ஊர்க்காரராக இருந்தாலும் சரி” என்றேன். பக்கத்தில் காரணமும் எழுதச் சொன்னேன்.

படம் என் வகுப்புக்குள் அடங்கவில்லை. ஒருவன் தாத்தா பெயரை எழுதியிருக்கிறான். தலைவி இந்த முறை இரண்டு பெயரோடு நிறுத்திவிட்டு, மூன்றாவது இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

ஜன்னல்காரிக்கு ஓர் அம்பு வந்திருக்கிறது, கைநீட்டுகிற கடைசி பெஞ்சுக்காரனிடமிருந்து. காரணம்: ‘கேட்டா ஸ்கேல் குடுக்கும்’.

அவள் யாரையும் புதிதாக எழுதவில்லை. அதே ஒரு பெயர்தான். ழ நேராக நிற்கிறது.