ரேம், கிராபிக்ஸ் கார்டு, கடைசியில்தான் பிராசசர்: என் முதல் ஓவர்கிளாக்

ஓவர்கிளாக், அதாவது கணினியின் பாகங்களை அவற்றுக்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது, என்றதும் பலரும் முதலில் கை வைப்பது பிராசசரில்தான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: முதலில் ரேம், அடுத்து கிராபிக்ஸ் கார்டு, அதன் பிறகு பிராசசர். ஆபத்து குறைவான பக்கத்திலிருந்து போனால், சிஸ்டம் எப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபட்ட பிறகே வோல்டேஜைத் தொடுவோம்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. இந்த வரிசை ரைசன்கள், வேகத்தை மாற்ற விடாத பூட்டு இல்லாமல்தான் வருகின்றன. ஆனால் ஏ320 போர்டில் போட்டால் ஓவர்கிளாக் செய்ய வழியில்லை. இன்டெல் என்றால் மாடல் எண்ணின் கடைசியில் ‘கே’ இருக்க வேண்டும், போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். இன்னொன்று, ஓவர்கிளாக் செய்து பழுதானால் வாரண்டி கிடைக்காது. அதற்குச் சம்மதமென்றால் மட்டும் மேலே போகலாம்.

ரேம் வேலை சுலபமாக முடிந்துவிட்டது. பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் 2666தான் காட்டியது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை (ரேமில் பதிந்திருக்கும் வேக அமைப்பு) ஆன் செய்து சேவ் செய்ததும் 3200 வந்தது. ரைசனில் கோர்களை இணைக்கும் உள்பாதையும் ரேமோடு சேர்ந்தே வேகம் பிடிப்பதால் இதற்குக் கூடுதல் பலன் உண்டு.

கிராபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள். பவர் லிமிட்டைக் கடைசி வரை தள்ளிவிட்டு, கோர் கிளாக்கை 15, 20 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் யூனிஜின் ஹெவன் என்ற கிராபிக்ஸ் சோதனையை ஓடவிட்டுப் பார்த்தேன். +150இல் திரை கறுத்து, டிரைவர் தானாகவே மீண்டும் எழுந்தது. பயப்பட ஒன்றுமில்லை. சற்று இறங்கி +110இல் நிறுத்தினேன். மெமரியை நூறு நூறாக ஏற்றியதில் +900இல் நிழல்களுக்குள் வண்ணப் புள்ளிகள் மின்னின. +600க்கு இறக்கியதும் அவை போய்விட்டன. சராசரியாக நொடிக்கு 58 ஃபிரேம் தந்த கேம் இப்போது 63 தருகிறது. ‘விண்டோஸ் தொடங்கும்போதே அமல்படுத்து’ என்ற பட்டனை மட்டும் பல நாள் சோதிக்கும் வரை அழுத்தாதீர்கள். அது அணைந்திருக்கும் வரை என்ன கோளாறு வந்தாலும் ஒரு ரீஸ்டார்ட்டில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இனி பிராசசர். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் எண் 42 என்றால் 4.2 கிகாஹெர்ட்ஸ். கணக்கு இவ்வளவுதான். அந்த வேகத்தைத் தாங்க எவ்வளவு வோல்டேஜ் தேவை, அந்த வோல்டேஜ் கிளப்பும் வெப்பத்தை கூலர் வெளியேற்றுமா என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. வெப்பம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகக் கூடும். வேகத்தை மாற்றாமல் 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினாலே சுமார் 17 சதவீதம் அதிக வெப்பம். அதனால் வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடவில்லை. பெட்டியோடு வந்த சின்ன கூலரை எடுத்துவிட்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் உள்ள டவர் கூலரை மாட்டினேன். 1.3 வோல்ட்டில் தொடங்கி, 1.325ஐத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

சினிபெஞ்ச் ஆர்23 என்ற பிராசசர் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிடுவது முதல் வடிகட்டி. அதில் தேறியதை ஓசிசிடி என்ற இன்னும் கடுமையான சோதனையில் ஒரு மணி நேரம் வாட்டினேன். பக்கத்திலேயே, சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ திறந்திருக்கும். வெப்பத்தோடு அதில் ‘வீயா’ பிழை (விண்டோஸ் பதிவு செய்யும் ஹார்ட்வேர் பிழை) என்ற வரியையும் பார்க்க வேண்டும். சிஸ்டம் முடங்காமல் ஓடினாலும் அந்த எண்ணிக்கை பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால் அந்த அமைப்பு தேறவில்லை என்றே கொள்ளுங்கள். கேம் ஓடுகிறதே என்று நம்பி விட்டுவிட்டால், பாதி எக்ஸ்போர்ட்டில் வீடியோ நின்றுபோகும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் நான் பார்க்காத ஒரு விஷயம் திருச்சி வெயிலில் புரிந்தது. காற்றால் குளிர்விக்கும் எந்த கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. இரவில் 28 டிகிரியாக இருக்கும் அறை மே மாத மதியம் 37 ஆகிறது. அந்த ஒன்பது டிகிரியும் ஏறக்குறைய அப்படியே பிராசசர் மேல் ஏறும். இரவில் 4.25 கிகாஹெர்ட்ஸ் ஒரு மணி நேரம் தாங்கியது. மதியம் இரண்டு மணிக்கு, வெறும் சீலிங் ஃபேனில், அதே அமைப்பு 90 டிகிரியைத் தொட்டு, விண்டோஸ் முடங்கி நீலத் திரைக்குப் போனது. 3600க்கு உச்ச வரம்பே 95. எனவே இறுதிச் சோதனையை ஏசி போடாமல் மதியத்தில் வையுங்கள். அதில் தேறியது இரவில் நிச்சயம் தேறும்.

திரையே வராமல் போனால் பதற வேண்டாம். பிளக்கை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். பயாஸ் அப்டேட் மட்டும் யுபிஎஸ் இல்லாமல் செய்யவே கூடாது. நடுவில் கரண்ட் போனால் பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை.

பலன்? எல்லா கோரும் 4.2இல் ஓடுவதால் வீடியோ எக்ஸ்போர்ட் சுமார் ஐந்து சதவீதம் சீக்கிரம் முடிகிறது. கேமில் வித்தியாசமே தெரியவில்லை. கேம் மட்டும் ஆடுகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. எனக்கு எக்ஸ்போர்ட் அன்றாட வேலை என்பதால் பயாஸில் இரண்டு புரொஃபைல் சேமித்திருக்கிறேன்: மார்ச் முதல் ஜூன் வரை 4.1 கிகாஹெர்ட்ஸ், 1.225 வோல்ட். மற்ற மாதங்களில் 4.2, 1.3 வோல்ட். கோடைக்கான அமைப்பில், ஒரே கோர் வேலை செய்யும்போது தானாக 4.2 வரை எகிறும் பூஸ்ட் கிடைக்காது. அதற்கு ஈடாக, மே மாத மதியத்திலும் வெப்பம் 80ஐத் தாண்டுவதில்லை.